ஓடக்காரன் பாட்டில் ஒரு பூட்ஸ் சத்தம்

"இது என் கை இல்ல" என்றாள் ஹெஸ்டர்.

சொல்லிவிட்டு, தன் சமையலறை மேசை மேல் இருந்த பாட்டுப் பெட்டியை ஏதோ செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒலிப்பதிவாளன் வெண்டெல் எங்கள் ஆல்பத்தின் பாட்டுகளை வெட்டி ஒட்டி, எல்லோரும் கேட்டுப் பார்த்துச் சரி சொல்லட்டும் என்று ஆளுக்கொரு இசைத்தட்டு அனுப்பியிருந்தான். எனக்கு வந்த தட்டை நான் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஹெஸ்டர் மூன்று நாளாக அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"பியானோவுக்கு உன்ன விட்டா வேற யாரு இருக்கா?" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்குறேன். யாரு?"

நான் மாட்டு வைத்தியன். பெயர் ஓரின். பகலில் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற பசுக்களுக்கெல்லாம் பிரசவம் பார்ப்பேன், மிச்ச நேரத்தில் பெரிய வயலின் மாதிரி இருக்கிற செல்லோ வாசிப்பேன். எங்கள் ஆல்பத்தில் பாதி, இந்த நாட்டுப் பழைய பாட்டுகள். அடெல் ஃப்ளூட் வாசிப்பாள், ஹெஸ்டர் பியானோ. மீதிப் பாதி, மூன்று பேர் சேர்ந்து வாசிக்கிற சேம்பர் இசை, அதில்தான் எனக்கு வேலை. பாட்டுகளைப் பதிவு செய்யும்போது நான் சர்ச் பெஞ்சில் கோட்டைப் போர்த்திக்கொண்டு தும்மாமல் உட்கார்ந்திருப்பேன். சண்டை வந்தால் இரண்டு பெண்களும் என்னிடம்தான் பஞ்சாயத்துக்கு வருவார்கள். சும்மா இருப்பவன் தலையில்தானே எல்லாம் வந்து விடியும்.

"இன்னொரு தடவ போடுறேன். காத வச்சுக் கேளு" என்றாள் ஹெஸ்டர்.

ஓடக்காரன் பாட்டு. மலைக்கு அந்தப் பக்கம் பிறந்த பாட்டு என்பார்கள். எங்கள் ஊரில் தொட்டில் ஆட்டுகிறவர்களும் பாடுவார்கள், குடித்துவிட்டு வீடு போகிறவர்களும் பாடுவார்கள். கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன். இவர்கள் இரண்டு பேரும் இவ்வளவு அழகாக வாசித்து நான் கேட்டதில்லை. அதைச் சொன்னால் ஹெஸ்டர் என்னை வெளியே தள்ளிவிடுவாள் என்பதால் மூக்கை மட்டும் சிந்திக்கொண்டேன்.

"டக்குனு ஒரு சத்தம் கேக்குதா? பெடலுக்குப் பக்கத்துல?"

கேட்டது. மரத்தரையில் குதிகால் படும் சத்தம்.

"அது பூட்ஸ். நான் பூட்ஸோட வாசிப்பேனா?"

மாட்டாள். எங்கள் ஊரில் ஒலிப்பதிவு என்றால் சேற்றுக் காலத்தில்தான். பனி உருகி மண்சாலையெல்லாம் களியாகிவிடும். சாலை காயும் வரை லாரிகள் ஓடக்கூடாது என்று ஊராட்சிக்காரர்கள் பலகை மாட்டிவிடுவார்கள். குன்றின் மேலுள்ள பழைய சர்ச்சில் வருஷத்திலேயே அப்போதுதான் அமைதி. அந்த அமைதியும் ஹெஸ்டருக்குப் போதாது. வாசலிலேயே பூட்ஸைக் கழற்ற வேண்டும், கடிகாரத்தைக் கழற்ற வேண்டும், ஹீட்டரை அணைக்க வேண்டும். கம்பளிக் காலுறையோடு விறைத்துப்போய் வாசிப்போம். ஒரு தடவை என் வயிறு உறுமியதற்கு அவள் பதிவையே நிறுத்தினாள்.

"அடியில 'ம்ம்'னு ஒரு ரீங்காரம் ஓடுதே, அது என்ன?"

"ஹீட்டர் மாதிரி இருக்கு."

"ஹீட்டரேதான். நான் இருக்கும்போது ஹீட்டர் ஓடி ஒரு பதிவாவது நடந்திருக்கா? அதெல்லாம் விடு. ரெண்டாவது வரி முடியுற இடத்தக் கவனிச்சியா?"

அதைத்தான் நான் முதலில் கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்த வரி நீளமானது. அதன் முடிவில் ஃப்ளூட் வாசிப்பவர் மூச்சு எடுத்தாக வேண்டும். அந்த இடத்தில் கொஞ்சம் நில் என்று அடெல் கேட்பாள். நடு ஆற்றில் ஓடம் நிற்காது என்று ஹெஸ்டர் சொல்வாள். இருபது வருஷமாக இதே வழக்கு. கல்யாண வீட்டில் வாசித்தாலும் சாவு வீட்டில் வாசித்தாலும் ஹெஸ்டர் நின்றதில்லை. அடெல் அரை மூச்சை அள்ளிக்கொண்டு அவள் பின்னால் ஓடுவாள்.

இந்தத் தட்டில் பியானோ நின்றது. அடெல் முழு மூச்சு எடுக்கும் வரை, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவரைப்போல நின்றது. அந்த இடத்தில் மட்டுமில்லை, ஒவ்வொரு வரி முடிவிலும்.

"டெரன்ஸ் கீல்" என்றாள் ஹெஸ்டர்.

பர்லிங்டன் கல்லூரியில் பியானோ சொல்லித்தருகிற பையன் அவன். பையன் என்றால் நாற்பது வயது இருக்கும். போன குளிர்காலத்தில் அடெல் நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பூங்கொத்தோடு வந்து பார்த்தான். ஹெஸ்டரும் தினம் போனாள். ஆனால் சூப்பும், ஆஸ்பத்திரியைப் பற்றிய புகாரும்தான் கொண்டுபோனாள். வீட்டுக்கு வந்ததும் அடெல் ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டாள், 'டெரன்ஸ் வாசிக்கும்போது அடுத்தவங்களக் கேட்டு வாசிக்கிறான்' என்று. ஹெஸ்டர் அதை மனசில் குறித்து வைத்துக்கொண்டாள்.

"அவன ரகசியமா வரவச்சு என் இடத்துல உக்கார வச்சிருக்கா. அட்டையில மட்டும் என் பேரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சாளா?"

"அடெல் அப்படிச் செய்யமாட்டா, ஹெஸ்டர்."

"திங்கக்கிழம பியானோ ஸ்டூல் உசத்தி வச்சிருந்துது. ஞாபகம் இருக்கா? கீல் ஒட்டகம் மாதிரி இருப்பான்."

ஸ்டூல் உயர்ந்திருந்தது உண்மைதான். ஹெஸ்டர் அன்று அதைத் திட்டிக்கொண்டே திருகி இறக்கினாள். சந்தேகம் என்பது மாட்டுக்கு வரும் கோமாரி மாதிரி, பக்கத்தில் நின்றாலே ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஒன்று ஞாபகம் வந்து தொலைத்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கன்றைப் பார்த்துவிட்டுக் குன்று வழியாகத் திரும்பினேன். சர்ச் வாசலில் அடெலின் கார் நின்றது. அன்று சாயங்காலம் அவளைப் பார்த்தபோது, 'நாள் பூரா வீட்டுலதான் படுத்திருந்தேன்' என்றாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

ஹெஸ்டர் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். "வெண்டெலக் கூப்பிடு. எங்கிட்டன்னா உஷாராயிடுவான்."

வெண்டெல் காப்பிக் குடுவையில்கூடத் தேதி எழுதி ஒட்டுகிற ஆள். எந்தப் பதிவு எந்த நாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

"ஓடக்காரன் பாட்டு நல்லா வந்திருக்கு, வெண்டெல். என்னைக்கு எடுத்தது?"

"அது... முத வாரம்தான் சார்."

"முத வாரம்னா? எந்தக் கிழம?"

"கிழமையெல்லாம் ஞாபகம் இல்லையே சார். ஏன், ஹெஸ்டர் மேடம் எதாவது சொன்னாங்களா?"

போனை வைத்ததும் ஹெஸ்டர் அடெலைக் கூப்பிட்டாள். லைன் பிஸி. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள், பிஸி. வெண்டெல் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று சொல்ல ஜோசியக்காரன் தேவையில்லை. அதுவரை ஹெஸ்டரின் பைத்தியம் என்று பாதி நினைத்திருந்தேன். இப்போது எதையோ மறைக்கிறார்கள் என்பது உறுதியாகிவிட்டது.

"சனிக்கிழம நான் வரல" என்றாள் ஹெஸ்டர். "கடைசிப் பகுதிய அந்த ஒட்டகத்த வச்சே வாசிச்சுக்கட்டும். அட்டையில என் பேரு வேண்டாம். அவ சங்காத்தமும் வேண்டாம்."

மூவரும் வாசிக்கும் இசையில் கடைசிப் பகுதி மட்டும் பாக்கி. அடுத்த வாரம் சாலை காய்ந்து பலகையைக் கழற்றிவிடுவார்கள், அப்புறம் மரம் ஏற்றிய லாரிகள் குன்றைக் குலுக்கிக்கொண்டு போகும். சனிக்கிழமை தவறினால் ஆல்பம் கிடையாது. ஆல்பம் போனால் போகட்டும். இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளாத ஊரில் நான் எப்படி இருப்பது என்று எனக்குப் பயம் வந்தது. எனக்கு வேறு குடும்பமா இருக்கிறது? பசுக்களும் இவர்களும்தான்.

"போன்ல சண்ட போடாத. நேர்ல வந்து மூஞ்சிக்கு நேரா கேளு" என்றேன். அதற்கு அவள் சம்மதித்தாள். நேரில் சண்டை போடுவதை அவள் எப்போதும் விட்டதில்லை.

சனிக்கிழமை காலை என் வண்டியில் அழைத்துப்போனேன். வழியெல்லாம் மேப்பிள் மரப்பாகு காய்ச்சும் கொட்டகைகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. சர்ச் வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஹெஸ்டர் இறங்கி, குனிந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சண்டைக்கு வந்தவள்கூட விதியை மீறவில்லை.

உள்ளே ஹீட்டரை அணைத்து வைத்திருந்தார்கள். அடெல் பியானோ பக்கத்தில் நின்று ஃப்ளூட்டுக்குள் ஊதிச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். நிமோனியாவுக்குப் பிறகு அவள் கோட்டு அவளுக்குப் பெரிதாகிவிட்டது. வெண்டெல் எங்களைப் பார்த்ததும் தேவையே இல்லாமல் ஒரு வயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

"ஓடக்காரன் பாட்டுல பியானோ வாசிச்சது யாரு?" என்றாள் ஹெஸ்டர்.

அடெல் வெண்டெலைப் பார்த்தாள். வெண்டெல் வயரைப் பார்த்தான்.

"அவன ஏன் பாக்குற? என்னப் பாத்துச் சொல்லு. பூட்ஸ் சத்தம் கேக்குது. ஹீட்டர் ஓடுது. ஸ்டூல் உசந்திருக்கு. அந்தக் கீலக் கூட்டிட்டு வந்து எனக்குப் பதிலா உக்கார வச்சியா இல்லையா?"

"கீலா? டெரன்ஸா?" அடெல் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. பியானோவைப் பிடித்துக்கொண்டு இருமினாள். ஹெஸ்டரின் கை அவள் முதுகை நோக்கிப் போனது, பாதியில் நின்று திரும்பி வந்தது.

"ஸ்டூல் ஞாயித்துக்கிழமப் பிரார்த்தனைக்கு வாசிக்கிறவர் உசத்துனது மேடம். அவரு ஆறடிக்கு மேல" என்றான் வெண்டெல் மெதுவாக.

"அப்ப உன் கார்?" இது நான். எனக்கும் கோபம் ஏறியிருந்தது. "ஞாயித்துக்கிழம மதியம் உன் கார் இங்க நின்னுது, அடெல். வீட்டுல படுத்திருந்தேன்னு சொன்ன."

அடெல் கண்ணைத் துடைத்தாள். "பிரார்த்தனை முடிஞ்சு எல்லாரும் போனப்பறம் வந்தேன். இந்தக் கடைசிப் பகுதிய வாசிக்க முடியுமான்னு தனியா வாசிச்சுப் பாத்தேன். உங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேண்டாம்னு நெனச்சேன்."

"முடிஞ்சுதா?"

"இல்ல."

அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. ஆனால் ஹெஸ்டர் விடுகிற ஆளா?

"நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல."

"சரி. மறைச்சோம். மறைச்சது நெசம்தான்" என்றாள் அடெல். "போடு வெண்டெல். வெட்டாம, மொதல்லேருந்து போடு."

வெண்டெல் பெட்டியில் எதையோ திருகினான். முதலில் ஹீட்டரின் ரீங்காரம் வந்தது. அப்புறம் கதவு. அப்புறம் சேற்றை உதறும் பூட்ஸ் சத்தம், தரையை உடைப்பதுபோல. பிறகு வெண்டெலின் குரல்: "மைக் அளவு பாக்கணும். ரெண்டு பேரும் எதாவது வாசிங்க."

"பூட்ஸ் கழட்டல இன்னும். ஹீட்டர் வேற ஓடுது."

அது ஹெஸ்டரின் குரல்.

"இது பதிவு இல்ல மேடம். சும்மா."

"சும்மான்னா சரி."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. முதல் நாள் காலை. என் வண்டி குன்றின் அடியில் அச்சு வரைக்கும் சேற்றில் புதைந்து, ஒரு விவசாயி டிராக்டர் கொண்டுவந்து இழுக்கும் வரை நான் அங்கேயே நின்றிருந்தேன். நான் மேலே வந்தபோது ஹீட்டரை அணைத்திருந்தார்கள், பூட்ஸெல்லாம் வாசலில் வரிசையாக இருந்தன. பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியாத நேரத்தில் வாசிப்பது ஹெஸ்டருக்கு வாசிப்பே இல்லை. கை கழுவிய தண்ணீரை நினைவில் வைத்துக்கொள்வாளா?

ஸ்டூல் இழுபடும் சத்தம். பிறகு ஹெஸ்டரின் குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை தணிந்து, வெண்டெலுக்குக் கேட்க வேண்டாம் என்பதுபோல. அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"அடெல், இழுத்துப் பிடிச்சு வாசிக்காதடி. உனக்கு எப்ப வேணுமோ அப்ப மூச்சு எடு. நான் நிக்கிறேன்."

பாட்டு தொடங்கியது.

முழுவதும் கேட்டோம். ஒவ்வொரு வரி முடிவிலும் பியானோ நின்றது. ஹெஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. காலுறையில் ஒரு ஓட்டை, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிலேருந்து வந்து அன்னைக்குத்தான நான் மொத மொத வாசிச்சேன்" என்றாள் அடெல். "நீ சுரத்தாளப் பாக்கவே இல்ல. என் தோளையே பாத்துக்கிட்டு வாசிச்ச. மறுநாள் சிவப்பு லைட் எரிஞ்சதும் பழையபடி ஓடுன. எனக்கு மூச்சு போச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப?"

அழிக்கச் சொல்லியிருப்பாள். அது எங்கள் நாலு பேருக்கும் தெரியும்.

"இருபது வருஷத்துல ஒரே ஒரு தடவ நின்ன" என்றாள் அடெல். "அது எங்கிட்ட இருக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் சத்தம் கேட்டது. நான் வெட்கத்தில் என் செல்லோவின் ஆணியைத் திருகிக்கொண்டிருந்தேன். அடெலின் காரைப் பற்றி நான் கேட்டது எனக்கே கசந்தது.

"மூணாவது வரியில எடது கையில ஒரு சுரம் தப்பு" என்றாள் ஹெஸ்டர் கடைசியில்.

"பாட்ட எடுத்துடவா மேடம்?" என்றான் வெண்டெல்.

"எடுன்னு நான் சொன்னேனா?"

எழுந்தாள். வாசலை நோக்கி நடந்தாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். அடெலும் அப்படித்தான் நினைத்தாள், அவள் முகம் அப்படியே வாடிப்போனது. கதவு திறந்தது, குளிர் உள்ளே வந்தது. பிறகு சத்தம் கேட்டது. டக், டக் என்று.

ஹெஸ்டர் பூட்ஸோடு திரும்பி வந்தாள். நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தாள். சர்ச்சின் சிவப்புக் கம்பளத்தில் சேறு ஒட்ட ஒட்ட நடந்து வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஹீட்டரப் போடு, வெண்டெல்."

"பதிவுல சத்தம் விழுமே மேடம்."

"விழட்டும். அவ இருமுறா."

வெண்டெல் ஹீட்டரைப் போட்டான். அது உறுமிக்கொண்டு கிளம்பியது. யாரும் சொல்லாமலே நானும் போய் என் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தேன், என் கால் விறைத்துப்போயிருந்தது. அறை சூடாகும் வரை காத்திருந்தோம். வெண்டெல் கொண்டுவந்திருந்த டோனட்டில் ஒன்றை ஹெஸ்டர் எடுத்து, பாதியைப் பிய்த்து, பார்க்காமலே அடெல் பக்கம் நீட்டினாள். அடெல் வாங்கிக்கொண்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கடைசிப் பகுதி வேகமானது. எழுதியவர் ஃப்ளூட் வாசிப்பவருக்கும் நுரையீரல் உண்டு என்பதை மறந்துவிட்டு எழுதியிருக்கிறார். முதல் பக்கத்தின் முடிவில் அந்த நீளமான ஓட்டம் வந்தது. அடெலின் தோள் ஏற ஆரம்பித்தது. நான் ஹெஸ்டரைப் பார்த்தேன். அவள் சுரத்தாளைப் பார்க்கவில்லை. அவள் கைகள் கட்டைகளுக்கு மேலே அப்படியே நின்றன. நானும் வில்லைத் தூக்கிப் பிடித்தேன்.

ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அடெல் மூச்சு எடுத்து முடிக்கும் வரை நாங்கள் நின்றோம்.